உப்பு கொஞ்சம் தூக்கல்

சமயநல்லூரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும், நல்லகாமனைக் கேளுங்கள் என்பார்கள். குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிற மனிதர், வயது ஐம்பத்து நாலு. வீட்டில் மனைவி முத்துத்தாய் நன்றாகத்தான் சமைப்பாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மதியச் சாப்பாடு மட்டும் அவருக்கு ரோட்டில்தான். காளவாசலில் இருந்து வாடிப்பட்டி வரைக்கும் அவர் கை நனைக்காத கடை கிடையாது.

பாலத்தடியில் பரோட்டாவைக் குறை சொல்ல முடியாது, சால்னாதான் மத்தியானம் வைத்ததில் வெந்நீர் ஊற்றியது என்பார். நாலுவழிச் சாலை ஏசி ஓட்டலில் தட்டு மட்டும்தான் கனம். ரயில்வே கேட்டுப் பிரியாணியைத் தின்றால் கலர்ப்பொடி படுக்கிற வரைக்கும் விரலை விட்டுப் போகாது. சைவ ஓட்டல் சாம்பாரைக் காய்ச்சல்காரனுக்கு வாங்கிக் கொடுக்கலாம். குடல் குழம்பை மோந்து பார்த்தே, குடலை எத்தனை தண்ணீரில் அலசினார்கள் என்று சொல்லிவிடுவார். பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாறிவிட்டான் என்று ஒரு தடவை டீக்கடையில் சொன்னார். அந்த வாரமே அங்கே கூட்டம் பாதியானது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான், இல்லை என்றால் பொய்.

போன தை மாதம் பஸ் ஸ்டாப்புக்குத் தெற்கே தகரக் கொட்டகை போட்டு, நாலு பெஞ்சு இழுத்துப் போட்டு, பாண்டிமீனா சாப்பாட்டுக் கடை திறந்தாள். அவள் புருசன் கருப்பு கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அவள் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு விடுதிக்குப் பாத்திரம் கழுவப் போனாள். விடியக் கருக்கலில் முதல் பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். அதுவரைக்கும் கருப்புக்கு ஒரு வாய் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் கிடையாது. முதுகில் புண் வைத்துவிட்டது. கடை நிலைத்துவிட்டால் வீட்டுக்கும் கடைக்குமாக ஓடி ஓடி அவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு.

பாண்டிமீனா காலனிக்காரி. நல்லகாமன் தெருவில் இருக்கிறவர்கள் அவள் கையால் ஆக்கியதை உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னால் கேஸாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தார்களே தவிர, மனசு ஒன்றும் மாறிவிடவில்லை. அவள் கடையை ஓட்டியது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், லாரி டிரைவர்கள், பேங்க்கில் வேலை பார்க்கிற வெளியூர்க்காரர்கள்.

ஒரு நாள் மூன்று மணிக்கு எந்தக் கடையிலும் சோறில்லாமல் நல்லகாமன் அங்கே போய் உட்கார்ந்தார். குடல் குழம்பு ஊற்றினாள். முதல் வாயிலேயே மனிதர் நிமிர்ந்து பார்த்தார். அம்புட்டுச் சுத்தம், உப்பும் உறைப்பும் அளந்து வைத்தது போல நின்றது. இரண்டாம் தடவை சோறு வாங்கினார், மூன்றாம் தடவையும் வாங்கினார். இத்தனை வருசத்தில் இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை என்று அவருக்கே தெரிந்தது. மறுநாளும் போனார். ஒன்பது நாள் தொடர்ந்து போனார். எல்லா நாளும் ரோட்டில் ஆளில்லாத மூன்று மணிக்கு, வண்டியை ரைஸ் மில் சுவரோரம் மறைத்து நிறுத்திவிட்டு.

பத்தாம் நாள் டீக்கடையில் மச்சினன் சின்னச்சாமி பிடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், சாப்பாடெல்லாம் இப்பப் புது எடமாம்ல?"

சுற்றி நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. நல்லாருக்கு என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை.

"ஒரு நா போனேன்ப்பா. உப்பு கொஞ்சம் தூக்கல்."

அடப் பாவி மனுசா! எந்தக் கடைக்கும் கூட்டிக் குறைத்துச் சொல்லாத நாக்கு, அந்த ஒரு கடைக்குப் பொய் சொன்னது. கேட்டவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. ஏன் அங்கே சாப்பிடுவதில்லை என்று எவனாவது கேட்டால் சொல்வதற்கு அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நல்லகாமன் அந்தப் பக்கம் போவதை விட்டார். ஏசி ஓட்டலின் கனத்த தட்டில் விரலால் கிண்டிக்கொண்டு நாளைக் கடத்தினார்.

ஆடியில் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. மூன்று மணி, அதே சுவரோரம் வண்டி. கொட்டகையில் ஈ, காக்கை இல்லை. பாண்டிமீனா பாதியாய் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்கண்ணே என்று தண்ணீர் வைத்தாள். அதே நிறத்தில், அதே வாசனையில் குழம்பு. ஒரு வாய் வைத்தார், மென்றார், விழுங்க முடியவில்லை. துளி உப்பு இல்லை.

"ஏத்தா, உப்பு?" என்றார்.

அவள் முகம் செத்துவிட்டது.

"இன்னுமாண்ணே தூக்கலா இருக்கு?"

பிறகு அவளே சொன்னாள். கறிக்கடைப் பேயாண்டிதான் வந்து சொன்னானாம், நல்லகாமண்ணே உப்பு கூட என்கிறார் என்று. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே கையைக் குறைத்தாளாம். ஆனாலும் அண்ணனைக் காணோம். அப்படியானால் இன்னமும் கூடத்தான் இருக்கிறது என்று மறுபடியும் குறைத்தாளாம். சப்பென்று இருக்கிறது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள், கருப்பு சொன்னான். நல்லகாமண்ணனை விடவா உனக்குத் தெரியும் என்று படுத்துக் கிடப்பவனை வைதிருக்கிறாள். டிரைவர்கள் வருவது நின்றது, பேங்க்குக்காரர்கள் வருவதும் நின்றது. இப்போதெல்லாம் ருசி பார்த்தால் தன் நாக்குக்கு ஒன்றுமே பிடிபடவில்லை என்றாள்.

நல்லகாமன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவள் அவரைப் பார்த்தாள், தூரத்தில் சுவரோரம் நிற்கிற வண்டியைப் பார்த்தாள். கடை வாசலில் வண்டி நிறுத்த எத்தனையோ இடம் காலியாகக் கிடந்தது.

"சாப்பிட்டா எந்திரிங்க. கடையக் கழுவணும்."

அண்ணே என்று சொல்லவில்லை. அவர் கை கழுவிவிட்டு வந்தார்.

ஆவணியில் கொட்டகைத் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். பாண்டிமீனா மறுபடியும் முதல் பஸ்ஸில் ஒத்தக்கடைக்குப் போனாள். கருப்பின் புண் உள்ளே எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று, நல்லகாமன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டார், அந்தப் பிள்ளை குழம்பில் உப்பு சரியாக இருந்தது, நான் சொன்னது பொய் என்று. ஊரே தன்னைக் காறித் துப்பும் என்றுதான் நினைத்தார். துப்பட்டும் என்றும் நினைத்தார்.

சின்னச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"இது எங்களுக்குத் தெரியாதா மச்சான்? ஒக்காருங்க."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. அவர் சொன்ன உப்பை உண்மை என்று நம்பியது அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.