ஒப்பட்டுத் தூக்கில் ஆட்டு ரத்தம்

குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வருகிறது. அவற்றில் பொய் எதுவும் இல்லை. அவை சொல்வதையெல்லாம் நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றை எழுதுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உறைந்த ஆட்டு ரத்தத்தைக் கையால் உடைத்துச் சட்டியில் போட்டவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடி அறையில் நானும் என் தோழியும் குடியிருந்தோம். நான் காவிரிக் கரையிலிருந்து வந்தவள். சமூகப்பணியில் பட்டம் பெற்று, இளம்பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் வேலை பார்த்தேன். அவள் பேரிகைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், லைன் சூப்பர்வைசரிடம் கன்னடம் என்று மூன்று மொழிகளில் மூன்று விதமாகச் சிரிக்கத் தெரிந்தவள். மின்னணுப் பாகங்கள் செய்யும் ஆலையில் சில ஆண்டுகளாகக் கான்ட்ராக்டில் இருந்தாள்.

அந்த ஆலை, கான்ட்ராக்ட் பெண்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்க முடிவு செய்தது. பட்டியலில் அவளும் இருந்தாள். மருத்துவப் பரிசோதனையில் ரத்தத்தின் அளவு குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதங்களில் மீண்டும் சோதிப்போம், அப்போதும் ஏறவில்லை என்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போகும் என்றார்கள். அதே ஆலையின் கேன்டீனில்தான் அவள் இத்தனை ஆண்டுகளாக மதிய உணவு சாப்பிட்டாள். அந்தச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். உடம்பைத் தண்ணீராக்கிவிட்டு, உன் ரத்தம் தண்ணீராக இருக்கிறதே என்று கேட்கும் அந்த ஒழுங்குமுறையை நினைத்தால் இன்றும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வாந்தியோடு அவற்றை நிறுத்திவிட்டாள். இனி உணவுதான் வழி என்று சமையலை நான் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். எனக்குக் கல்விக் கடன் இருந்தது. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று இருவரும் சேர்ந்து எடுத்துவைப்பதற்குள் எல்லாமே அடங்க வேண்டும்.

முதலில் கீரை. எல்லாக் கட்டுரைகளும் கீரையில்தான் தொடங்குகின்றன. சந்தையில் மிக மலிவாகக் கிடைத்த கட்டுகள் கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து வந்தவை. அணையிலிருந்து வெளியேறும் கழிவு கலந்த தண்ணீரில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் கட்டி கட்டியாகப் பறந்து, சாலையோரப் புதர்களில் ஒட்டிக்கொண்டு நடுங்குவதை நான் பார்த்திருந்தேன். அன்று கீரையை அலசும்போது அதில் சோப்பு வாடை அடிப்பதாகத் தோன்றியது. அது என் கற்பனையாகவே இருக்கலாம். அந்தக் கீரையை விளைவிக்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. வருகிற தண்ணீரில்தானே அவர்கள் பயிர் செய்ய முடியும்? ஆயினும் அந்த நுரையைப் பார்த்த கண்களோடு அந்தக் கட்டை ஒருத்தியின் ரத்தத்துக்கு மருந்தென்று தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. கொட்டிவிட்டேன். அந்த வாரம் முழுதும் மொச்சையும் கேழ்வரகுக் களியுமாக ஓடியது. களி எனக்குத் தொண்டையில் இறங்காது. மென்றால் அது வாய்க்குள் பசைபோல ஒட்டும். "மெல்லாதீங்க்கா, உருட்டி முழுங்குங்க" என்று அவள் சிரிப்பாள்.

அரசு மருத்துவமனைச் செவிலியர்தான் ஈரல், மண்ணீரல், ரத்தம் என்று வரிசையாகச் சொன்னார். முதல் இரண்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது, கறிக்கடையில் ஏறக்குறைய சும்மா கிடைத்தது. இதை நான் சொன்னதும் அவள் முகம் இறுகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய தெருப் பிள்ளைகளை, ரத்தம் தின்கிறவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அண்ணன் திருமணத்தோடு, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று, அவள் அம்மா அதை வீட்டுக்குள் விடுவதையே நிறுத்திவிட்டாராம். பிறகு சொன்னாள்: "நீங்க போய் வாங்கியாந்தா சாப்பிடறேன்க்கா. கடைப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. உங்களை இங்க யாருக்கும் தெரியாது."

அந்தக் கடையில் ரத்தம் வாங்க ஒரு முறை இருந்தது. விடியும் முன்பே அவரவர் பாத்திரத்தில் சிறிது தண்ணீரும் உப்பும் போட்டுக் கடை வாசலில் வரிசையாக வைத்துவிட வேண்டும். ஆட்கள் நிற்க வேண்டியதில்லை, பாத்திரங்களே நிற்கும். ஆடு அறுபட அறுபட, கடைக்காரர் அந்த வரிசைப்படி ஊற்றிக்கொண்டே போவார். நான் அதற்குள் சந்தைக்குப் போய்க் காய் வாங்கித் திரும்புவேன். அதற்குள் அது கெட்டியாகி, தொட்டால் ததும்பும் ஒரு கருஞ்சிவப்புக் கட்டியாகியிருக்கும். மேலே ஈக்கள் மொய்க்கும். சில சமயம் ஆட்டு முடியும் ஒட்டியிருக்கும்.

மீன் தின்று வளர்ந்த வீடு என்னுடையது. சுத்த சைவம் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் அதைக் கழுவி உடைக்கும்போது என் உடம்பு தானாகப் பின்வாங்கும். விரலிடுக்கில் வழுக்கும், துருப்பிடித்த இரும்பின் நாற்றம் கிளம்பும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கிய சட்டியில் போட்டால் சிவப்பு மாறிச் சாம்பலாகி, பிறகு கறுத்துப் பொரிந்துவிடும். தேங்காய்த் துருவலைத் தூவி மூடுவேன். அந்த நாற்றம் என் தலையணை வரை வந்தது. நான் ஒரு கவளமும் தின்னவில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து அவள் தின்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்றாவது ஞாயிறன்று, வழக்கமாகக் கறிக்கடைக்குக் கொண்டுபோகும் எங்கள் அகலக் கிண்ணத்தில் கேழ்வரகு ஊறிக்கொண்டிருந்தது. அலமாரியில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருந்தது. கீழ்வீட்டு ஓனரம்மா யுகாதிக்கு ஒப்பட்டும் சாறும், அதாவது எங்கள் ஊர்ப் போளியும் ரசமும், கொடுத்தனுப்பிய தூக்கு அது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல என்பதால், அதில் போட்டுத் தர ஏதாவது நல்ல பண்டம் செய்யும் நாளுக்காகக் காத்திருந்தோம். எங்கள் வாரச் செலவில் அந்த நாள் வரவே இல்லை. மூடியுள்ள பாத்திரம், தெருவில் மறைத்துக் கொண்டுவரலாம் என்று எண்ணி அதை எடுத்துப்போய் வரிசையில் வைத்தேன். கழுத்துப் பட்டையில் ஓனரம்மாவின் மாமனார் பெயர், ஊரோடும் சாதிப் பட்டத்தோடும் பெரிய எழுத்தில் வெட்டியிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. பாத்திரத்தில் பெயர் இல்லாத வீடு எது?

ஆனால் அந்தப் பெயர் அந்தப் பக்கத்தில் நிலபுலமுள்ள பெயர். நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் கடைக்கு வந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டார்கள். மதியத்துக்குள் டீக்கடையில் ஓனரைப் பிடித்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னங்க, பெரியவரு பேர்லயே ரத்தம் வாங்கறீங்களாமே. வீட்டுல யாருக்காச்சும் உடம்புக்கு முடியலயா?"

ஓனரம்மா படியேறி வந்தபோது தோழி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சட்டி இருந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவர் என்னிடம்தான் கேட்டார்: "யாருக்கும்மா இது? உன்னைப் பார்த்தா இதெல்லாம் சாப்பிடற ஆளு மாதிரி தெரியலையே."

நான் இரும்புச் சத்து, செவிலியர், பரிசோதனை என்று தொடங்கினேன். தோழி ஈர முகத்தோடு முன்னால் வந்தாள்.

"எனக்குத்தாங்க. ரத்தம் கம்மின்னு கம்பெனில திருப்பி அனுப்பிட்டாங்க. இதைத் தின்னா ஏறுமாம். அதான் திங்கறேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதான பார்த்தேன்" என்றார்.

அந்த வீட்டிலும் ஞாயிறுதோறும் ஆட்டுக்கறிதான். அதே கடை; பெரும்பாலும் அதே ஆடு. தொடையும் நெஞ்செலும்பும் கீழ்வீட்டுக் குக்கரில் மணக்க, அதன் ரத்தம் மாடியில் நாறியது. ரத்தக்கட்டியைத் தொட்டபோது எனக்கு வந்த அருவருப்பு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். அந்த இரண்டு சொற்களைக் கேட்டபோது வந்தது இன்னும் போகவில்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துகொள்ளும்படியும், தூக்கு தனக்கு வேண்டாம், எங்காவது தூக்கிப் போட்டுவிடும்படியும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

என் யோசனையால் அவளுக்கு அறை போனது. அவள் மறைக்க நினைத்ததும் வெளியே வந்துவிட்டது. இனி இதை விட்டுவிடலாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்றேன். அவள் தட்டை எடுத்துவைத்து, களியோடு அந்தப் பொரியலைப் பிசைந்தாள்.

"எனக்கும் வேணாம்னுதான் தோணுதுக்கா. இப்ப விட்டா வேலையும் போயிடும், அந்தம்மா சொன்னதே சரின்னும் ஆயிடும்."

அடுத்த ஞாயிறு ஷிப்டை மாற்றிக்கொண்டு அவளே கடைக்குப் போனாள். மாதக் கடைசியில் வேறு தெருவில், காற்றோட்டம் குறைந்த ஓர் அறைக்கு மாறினோம். அங்கேயும் அவள் தின்றாள், நான் சமைத்தேன், ஒவ்வொரு முறையும் எனக்குக் குமட்டியது.

இரண்டாவது பரிசோதனையில் அவள் தேறினாள். விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றவளிடம் டாக்டர், நன்றாக ஏறியிருக்கிறதே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாராம். பீட்ரூட் என்று சொல்லிவிட்டாளாம். அவர் மகிழ்ந்துபோய், வெளியே காத்திருந்த பெண்களிடமெல்லாம் இவளைக் காட்டி, பீட்ரூட் சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லி மாலையில் அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பர்மனென்ட் ஆகிவிட்ட சிரிப்பு அது. என்னால் உடன் சிரிக்க முடியவில்லை. அன்றும் இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் இனி அந்தச் சொல்லை நம்பிப் பீட்ரூட்டுக்குச் செலவழிப்பார்கள். கெடு முடிந்ததும் மறுபடி வந்து நிற்பார்கள். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே சிரிப்பை நிறுத்திவிட்டு அவர்களில் ஒருத்தியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

வாசலில் நின்று தெலுங்கில், குரலைத் தாழ்த்திப் பேசினாள். வெகுநேரம் பேசினாள். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். பிறகு கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாட்டேங்கறாக்கா. அசிங்கமாம். நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பா."

வாங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் அந்தப் பெண் மூச்சுவிடுவது கேட்டது.

"அசிங்கமாத்தான் இருக்கும்மா" என்றேன். "சாப்பிடு."