கால் தேடிய பித்தளைக் கோடு

மூலை என் பங்கு

மொசைக் பாலிஷ் வேலைக்கு நான் வந்த முதல் நாள், தங்கராசு மேஸ்திரி என் கையில் ஒரு தேய்ப்புக் கல்லையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்து, "மூலையெல்லாம் ஒன் பங்கு ரோசி" என்றார். மிஷின் வட்டமாகச் சுற்றும். சுவர் ஓரத்துக்கும் மூலைக்கும் அது போகாது. அங்கெல்லாம் கையால்தான் தேய்க்க வேண்டும். எனக்கு அது பிடித்துப்போனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் மிஷின் சத்தத்தில் கேட்காது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு இதைவிடத் தோதான வேலை கிடைத்திருக்காது.

நான் பத்தாவது வரை படித்தவள். ஊர் வ. புதுப்பட்டி. அங்கிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வேலை இருக்கும் இடத்துக்குப் போவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மிஷினைப் பற்றி மேஸ்திரிமார் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் போகும் வீடுகள்

எங்களை அதிகம் கூப்பிடுவது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய வீடுகளுக்கு. ராஜபாளையத்தில் மில்கள் பெருகிய காலத்து வீடுகள். ரோட்டில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். முன்பக்க மூலை கூராக இருக்காது, சுவரே வளைந்து திரும்பும். சன்ஷேடு ஜன்னலுக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே பட்டையாக வீட்டைச் சுற்றி ஓடும். மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு வட்ட ஜன்னல். போர்டிகோவை ஒல்லியான இரண்டு இரும்புக் குழாய்கள் தாங்கி நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓட்டு வீடுகளுக்கு நடுவில் இப்படி ஒன்றிரண்டு உண்டு.

மேஸ்திரி இவற்றை "டப்பா வீடு" என்பார். தூணில் ஒரு பூ உண்டா, கதவில் ஒரு யானை உண்டா என்று கேட்பார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தரையில் உட்கார்ந்தே பொழுது போகிறவளுக்குப் பிறகுதான் வேறு விஷயங்கள் பிடிபட்டன. மேற்கே மலையிலிருந்து வரும் காற்று ஓட்டை ஓட்டையாக இருக்கும் சிமெண்ட் ஜாலிச் சுவர் வழியாக நுழைந்து தரையோடு தரையாக வரும். சித்திரை மாதத்திலும் என் கழுத்து வேர்வை காய்ந்திருக்கிறது. சாயங்காலம் ஜாலியின் நிழல் தரையில் விழும். காலையில் வெறும் சுவராக இருந்த இடம் அப்போது கோலம் போட்டதுபோல் ஆகிவிடும். இந்த வீடுகளுக்கு அலங்காரத்தை வெயில் கொண்டுவந்து தருகிறது. அதுவரைக்கும் காத்திருந்தால்தான் தெரியும்.

வளைந்து போகும் கோடு

ராஜபாளையத்தில் அப்படி ஒரு வீடு. மனைவி இறந்த பிறகு பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். கண்ணில் பிரஷர் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை முழுக்கப் போயிருந்தது. சமையலுக்கு ஒரு அம்மா வந்து போவார். மகன் சென்னையில் இருக்கிறார். அப்பாவுக்கு வீட்டைப் புதிதாக்கித் தர வேண்டும் என்று லீவு போட்டு வந்து எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

"தரை கண்ணாடி மாதிரி இருக்கணும் மேஸ்திரி."

"மூஞ்சி பாத்து பவுடர் போடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

ஜாலி வராந்தாவில் நாற்காலியில் இருந்த பெரியவர் சிரித்தார். "எனக்கு எதுக்குப்பா அது? பூசுன பவுடர் திட்டுத் திட்டா நின்னாலும் எனக்குத் தெரியவா போகுது?"

பெரிய ஹால் அது. தரை கட்டம் கட்டமாக இல்லை. படுக்கை அறைக்குள் தொடங்கும் ஒரு பித்தளைப் பட்டை, வாசலைத் தாண்டி, ஹாலுக்குள் ஆறு திரும்புவதுபோல் பெரிதாக வளைந்து, ஜாலி வராந்தாவில் போய் முடியும். ஒரு பக்கம் பச்சை மொசைக், மறுபக்கம் கறுப்புச் சில்லு போட்ட வெள்ளை.

சாப்பிடக் கூப்பிட்டதும் பெரியவர் எழுந்து, கம்பும் இல்லாமல் சுவரையும் பிடிக்காமல், அந்தப் பெரிய ஹாலில் வளைந்து நடந்து உள்ளே போனார்.

"கண்ணு தெரியாதுன்னாவ. தண்டவாளத்துல போற ரயிலு மாதிரில்லா போறாரு!" என்று மேஸ்திரி என் காதில் சொன்னார். சொன்னவருக்கும் கேட்ட எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவர் அறையிலேயே படுத்துக்கொண்டார். அன்று ஹாலுக்கு அறுபதாம் நம்பர் கல் போட்டோம். அது முரட்டுக் கல். மேடு பள்ளத்தை எல்லாம் அறுத்து ஒரே மட்டமாக்கும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பட்டையின் குறுக்கே விரலை ஓட்டிப் பார்ப்போம். எங்கே மொசைக் முடிகிறது, எங்கே பட்டை தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை சுத்தமில்லை. அந்த வளைவு முழுக்க நான் விரலை ஓட்டினேன். எங்கேயும் தெரியவில்லை.

"எம்புட்டு நைஸா இருக்கு பாத்தியா?" என்றார் மேஸ்திரி.

நின்றுவிட்டார்

மறுநாள் காலை பெரியவர் படுக்கை அறையிலிருந்து கிளம்பினார். அறைக்குள் எப்போதும்போல் நடந்தார். வாசலைத் தாண்டி நாலைந்து அடி வைத்ததும் நின்றுவிட்டார். வலது பக்கம் திரும்பினார். பிறகு இடது பக்கம். கையை முன்னால் நீட்டினார். பிடிக்க எதுவும் இல்லை.

"ஏரா, வராந்தா எங்கடா?" என்று மகனைக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு கலந்துதான் பேசுவார்கள்.

மகன் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கேன் நாய்னா. பயப்படாதீங்க."

"எனக்கு என்ன பயம்? வழி தெரியலை. என் வீட்ல எனக்கு வழி தெரியலைடா."

அவரை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மகன் எங்கள் பக்கம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. இனிமே தனியா விடக் கூடாது மேஸ்திரி. கையோட சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். நீங்க வேலையை முடிங்க, வீட்டைப் பூட்டிடலாம்."

வராந்தாவுக்குக் காது கேட்கும் தூரம்தான். பெரியவர் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தரை தேய்த்ததில் வந்த சிமெண்டுப் பாலை நான் வழித்துக்கொண்டிருந்தேன். அவர் நின்ற இடத்தில் காலின் பெருவிரல் தரையில் இப்படியும் அப்படியும் போனதை நான் பார்த்திருந்தேன். முந்தின நாள் என் விரல் போனதும் அப்படித்தான். அறைக்குள் நாங்கள் இன்னும் கல் போடவில்லை. அங்கே நடந்தவர் ஹாலில் நின்றுவிட்டார். எழுந்துபோய் அறைக்குள் பட்டையைத் தொட்டேன். வருஷக்கணக்கில் ஆள் நடந்து இரண்டு பக்கமும் மொசைக் தேய்ந்து, பித்தளை ஒரு நூல் உயரம் தூக்கி நின்றது.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ஏட்டி, சும்மா கெட. ஒரு நூலு மேட்டைப் புடிச்சிக்கிட்டா ஒரு மனுசன் நடப்பான்?"

"அவிய நடந்தாவளே அண்ணே. ரயிலுன்னு நீங்கதான சொன்னிய?"

மேஸ்திரி மிஷின் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

மகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரிதான் சொன்னார். மகன் நம்பாத முகத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். பட்டைமேல் நின்று கண்ணை மூடினார். மெல்ல நடந்தார். வாசல் வரை வந்து, ஹாலில் கால் வைத்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இந்த வீட்லதான் பொறந்தேன். எனக்கு இது தெரியாது" என்றார்.

வராந்தாவிலிருந்து பெரியவர் சொன்னார். "எனக்கே தெரியாதுடா. நானா நடந்தேன்? கால்தான் கூட்டிட்டுப் போச்சு."

கல்லின் விளிம்பு

அறுத்த மொசைக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் பட்டையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மொசைக்கை மட்டும் இன்னும் இறக்கலாம். மிஷினால் ஆகாது. கல்லை உடைத்து, அதன் விளிம்பை வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் தரையில் அந்த இடம் மட்டும் மங்கலாகப் பட்டையடித்து நிற்கும்.

"பாக்குறவன் எவன்டா பாலிஷ் போட்டான்னு காறித் துப்புவான்" என்றார் மேஸ்திரி. பிறகு அவரே ஒரு கல்லை வாசலுக்கு வெளியே போட்டு உடைத்து, வராந்தா முனையில் போய் உட்கார்ந்தார். நான் அறை வாசலில் உட்கார்ந்தேன். முட்டி போட்டு இரண்டு பக்கமிருந்தும் தேய்த்துக்கொண்டே வந்தோம். மிஷின் ஓடாததால் கல் உரசும் சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்டது.

அப்போதுதான் அந்த வளைவு எனக்குப் புரிந்தது. நேராகப் போயிருந்தால் மாடிப்படியின் முதல் படியில் கால் இடித்திருக்கும். கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் தூணில் முட்டியிருக்கும். வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆள் எப்படி நடக்கும் என்று பார்த்து வரைந்திருக்கிறார். அழகுக்குப் போட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சாயங்காலம் ஜாலி நிழல் விழும் நேரத்தில் பெரியவரைக் கூப்பிட்டோம். மகன் பிடிக்கப் போனார். "விடுறா" என்று கையைத் தட்டிவிட்டார். வாசல் தாண்டினார். நடந்தார். வளைவில் வந்து நின்றார்.

"இங்க இல்லையேம்மா."

ஒரு சாண் தூரம் விட்டுப்போயிருந்தது. அவர் அங்கேயே நிற்க, அவர் காலடியில் உட்கார்ந்து தேய்த்தேன். துடைத்தேன். பெருவிரல் வந்து தொட்டது.

"ம். வந்துட்டு."

அங்கிருந்து நாற்காலி வரை நிற்காமல் போனார். உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டு, "ஏரா, நீ எப்ப ஊருக்குப் போற?" என்று கேட்டார்.

மகன் அந்தக் கோட்டை ஒரு தடவை காலால் தடவிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை போறேன் நாய்னா. நான் மட்டும்தான்" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் பெரியவர் தன் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்விட்டார். செய்தி கேட்டு நானும் மேஸ்திரியும் போனோம். அவரைப் பாடையில் தூக்கியவர்கள் வெறும் காலோடு படுக்கை அறையிலிருந்து வந்தார்கள். அவ்வளவு பெரிய ஹாலில் வேறு பக்கமாகப் போகவும் இடம் இருந்தது. ஆனாலும் மாடிப்படிக்கும் தூணுக்கும் ஒதுங்கி, அந்தக் கோட்டின் மேலேயே வளைந்து போனார்கள். அவர்களுக்கு அது தெரியாது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது புது வீட்டுக்குப் போனால் மிஷினை இறக்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை வீடு முழுக்க நடந்து பார்க்கிறேன். விரலுக்குக் குறையாகத் தெரிகிற மேடு, யாரோ ஒருவர் காலுக்கு வேண்டியதாக இருக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்க எனக்கு இன்னும் கூச்சம்தான். டப்பா வீடு என்று சொன்ன மேஸ்திரிதான் இப்போதெல்லாம் வாசலில் நின்று முதலில் கேட்கிறார்:

"இந்த வீட்ல யாரு யாரு நடக்காவ?"