கோவளத்திலிருந்து வந்த ஃபோன்

ரூத் செங்கல்பட்டு அலுவலகத்தில் சேர்ந்தது 2003-இல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் நடத்தும் நிறுவனம் அது. மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட ஞானம்மாளின் மகள், குளிரூட்டிய சர்வர் அறைக்குப் பொறுப்பாளர். அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

முன்பதிவுக் கோப்புகள் இங்கே ஒரு சர்வர் கணினியிலும் கோவளம் விடுதியில் இன்னொன்றிலும் இருந்தன. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் தானாக மாற வேண்டும். மாறவில்லை. ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றன.

கோவளத்துச் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் ஹரிசங்கர், திருக்கழுக்குன்றத்துக் குருக்கள் வீட்டுப் பிள்ளை. இருவரும் நேரில் பார்த்ததில்லை. தினமும் காலையில் ஃபோன் வரும்.

"ரூத், இன்னிக்கும் ஃபைல் வரல."

"ஃபைல் அனுப்புற சர்வீஸ நிறுத்திட்டு மறுபடி ஓடவுடுங்க சார். நான் லைன்லயே கீறேன்."

அது ஓடி முடியும்வரை ஏதாவது பேச வேண்டுமே. வலையில் சிக்கிய ஆமையை மீனவர்கள் வலையை அறுத்து விடுவித்ததை அவன் சொல்வான். மதுராந்தகம் ஏரி நிரம்பி வழிந்த ஆண்டை அவள் சொல்வாள். 'சார்' எப்போது உதிர்ந்ததென்று இருவருக்கும் தெரியாது. ஞாயிறு ஜெபத்தில்கூட அவளுக்குத் திங்கட்கிழமை நினைப்புதான்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கோவளத்தில் வைரஸ் தடுக்கும் மென்பொருள், சோதிக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தன் தடத்தை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாமே மாறிவிட்டதென்று நினைத்த சர்வர், மொத்தத்தையும் மறுபடி அனுப்ப வரிசையில் நிறுத்தியது, வரிசை அடைத்துக்கொண்டது. அந்தக் கோப்புகளைச் சோதனையிலிருந்து விலக்கினாள். மதியத்துக்குள் இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது.

மறுநாள் ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோவளத்துச் சர்வரைத் திரையில் திறந்து பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. அந்த விலக்கை எடுத்துவிட்டால் பிழை திரும்பிவிடும், காலை ஃபோனும் திரும்பிவிடும். கை மவுஸின்மேல் இருந்தது. பெட்டியோடு நின்ற குடும்பங்களை நினைத்தாள். திரையை மூடிவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"என்ன ரூத், ஏதாவது நின்னுடுத்தா?"

"ஒண்ணும் நிக்கல. சும்மாதான்."

"நானும் ஏதாவது பிழை வராதான்னு பாத்துண்டேதான் இருந்தேன். திருச்சியில வேலை கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமை வண்டி. செங்கல்பட்டுல நிக்கும்."

வெள்ளி மாலை அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி நின்றதும், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவன் இறங்கி நடைமேடைப் பெண்களைத் தயங்கித் தயங்கிப் பார்த்தான்.

"ஹரி," என்றாள்.

"குரல் அப்படியே இருக்கு," என்று சிரித்தான்.

"உங்க வூட்ல நம்மள ஒத்துக்குவாங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

"மாட்டா. உங்க அம்மா?"

"அழுவாங்க."

வண்டி ஊதியது. "ஏறுங்க, போய்டப் போவுது," என்றாள். அவன் ஏறி வாசலிலேயே நின்றான். கண்ணுக்கு மறையும்வரை உள்ளே போகவில்லை.

கோவளத்தில் ஹரியின் இடத்துக்கு ஜெசிந்தா என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. அவளோடு ரூத் வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும், திருச்சி வண்டி வரும் நேரத்துக்கு, ரூத்துக்கு ஸ்டேஷன் பக்கம் ஏதாவதொரு வேலை இருந்துகொண்டே இருந்தது.