ஆத்தப்பன் கையும் மூன்று பட்டன்களும்

டி-ஷர்ட்டில் ஒரு பட்டன் தைப்பார். மிஷின் மிதியிலிருந்து காலை எடுப்பார். வாய்க்குள் 'டும்' என்பார். அடுத்த பட்டனுக்கு முன்னால் இன்னொரு டும் வந்துவிட்டால் போச்சு, "ஏனுங்க, மறுக்காவும் கை அரிக்குதுங்க" என்று என்னிடம் முறையிடுவார். பக்கத்து மேசையில் செக்கிங் பார்க்கும் நான் அதற்கு என்ன செய்ய?

பனியன் கம்பெனி டெய்லரான ஆத்தப்பன், லிங்கசாமியின் மெல்லிசைக் குழுவில் டும் டும் என்று பேஸ் கிடார் வாசிப்பவர். கம்பி நாலே நாலுதான். ஆனால் பத்து வருஷம் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் மிஷினில் நிற்காமல் ஓரம் அடித்த கை, லேசில் நிற்குமா? பாடகி மூச்சு வாங்கும் இடமெல்லாம் புகுந்து தைத்துவிடும். போன தை மாதம் சாமளாபுரத்துக் கல்யாணத்தில், நாலு நிமிஷக் காதல் பாட்டை இவர் மட்டும் இரண்டரை நிமிஷத்தில் வாசித்து முடித்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார். "என்ர பங்கு முடிஞ்சுதுங்க" என்று பெருமை வேறு!

லிங்கசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "பொங்கலூர் மாரியம்மன் நோம்பிதானுங்க கடைசி. அங்கயும் எச்சா ஒரு டும் வந்துச்சுன்னா, வேற ஆளுதானுங்க."

மனுஷன் ஆடிப்போனார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மேனேஜரிடம் போய், ஓவர்லாக் வேண்டாம், கை நின்று பழகப் பட்டன் மிஷினில் போடுங்கள் என்று கேட்டார். கம்பெனியே சிரித்தது. "ஒரு பீஸுக்கு மூணே பட்டனுங்க. நாலாவது தெச்சா நீங்களே ரிஜெக்ட் பண்ணீருவீங்கல்லொ?" என்றார் என்னிடம். பண்ணத்தான் பண்ணினேன். முதல் நாளே ஏழு டி-ஷர்ட்டில் தொப்புள் வரை பட்டன். அடப் பாவி மனுஷா!

அவர் மனைவி பொன்னாத்தாள் பாடு இன்னும் மோசம். "ஊட்லயும் நாலு எண்ணித்தானுங்க பேசறாரு. உப்புப் போதுமான்னு கேட்டா, பதில் வாரதுக்குள்ள நான் பாத்தரமே கழுவீர்றனுங்க."

நோம்பித் திருவிழாக் கச்சேரிக்கு நானும் போனேன். டும். ஆத்தப்பன் காத்திருந்தார். மறுபடி ஒரு டும். கூட்டம் தன்னையறியாமல் தோளை ஆட்டியது. கடைசிப் பாட்டில் பாடகி நல்லம்மாள் பல்லவியை முடித்து மூச்சு வாங்க, எல்லா வாத்தியமும் நின்றது. லிங்கசாமி பக்கத்தில் வந்து நின்று இவர் விரல்களையே முறைத்தார். விரல்கள் கம்பியை இழுக்கப்போவது கீழே இருந்த எனக்கே தெரிந்தது.

ஆத்தப்பன் வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார். நல்லம்மாள் சரணத்தை எடுக்கும்வரை, லிங்கசாமி அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.