மச்சானின் கிளப்பைக் கவிழ்த்த வில்மார்

வில்மார் கால்பந்து ஆடிய காலத்தில் அவனைத் தாண்டிப் போனவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டுதான் போவார்கள். மொந்தெவிதேயோ துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் எஸ்த்ரேயா கிளப்புக்குப் பன்னிரண்டு வருடம் தடுப்பாட்டக்காரனாக உழைத்தான். பெண் எடுத்ததும் கிளப் இருந்த தெருவில்தான். பயிற்சியாளரானபோது மட்டும் எஸ்த்ரேயாவில் ஒரு நாதியும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து சான் ரமோன். பட்டியலின் கடைசியில் கிடந்த அந்தக் கிளப்பை ஒரே வருடத்தில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

விதி சும்மா இருக்குமா? கடைசி ஆட்டம் எஸ்த்ரேயாவோடு வந்து நின்றது. இரண்டாம் இடம் உறுதியாகிவிட்டதால் சான் ரமோனுக்கு அதில் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. எஸ்த்ரேயா தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

எஸ்த்ரேயாவின் தலைவர் வால்தெமார், வில்மாரின் மனைவி சுல்மாவுக்குச் சொந்த அண்ணன். கறிக்கடைக்காரர். சனிக்கிழமை விலாக்கறி வாங்கப் போனவனிடம் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

“மாப்ள, உன் பசங்க வருஷம் பூரா ஓடிக் களைச்சிருப்பாங்க. நாளைக்கு நாலு பேருக்கு ஓய்வு குடுத்தா என்ன?”

“ஓட வைக்கத்தான் மச்சான் எனக்குச் சம்பளம்.”

“அப்ப கறிய வேற எங்கயாவது வாங்கிக்க.”

வீட்டில் சுல்மா, இருவரும் மாற்றி மாற்றி உறிஞ்சும் மாத்தேத் தேநீர்க் குடுவையை அவன் பக்கம் நகர்த்தவே இல்லை. “தோத்துட்டு வாங்கன்னு நான் சொல்லல. ஜெயிச்சா இந்தத் தெருவுல நான் எப்படித் தலை காட்டறது? அத மட்டும் சொல்லுங்க.”

வில்மாருக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்தத் தெருவை விட்டால் அவனுக்குப் போக்கிடம் ஏது?

ஆனாலும் ஞாயிறன்று முழு அணியையும் இறக்கினான். ஒன்றுக்குப் பூஜ்யம்; எஸ்த்ரேயா கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கோல் விழுந்தபோது அவன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ‘துரோகி’ என்று கத்தியவர்களில் பாதிப் பேர் அவன் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்து, மச்சான் கையில் கத்தி இல்லை என்று தெரிந்த பிறகுதான் வில்மார் திறந்தான். பின்னால் கிளப் ஆட்கள். வால்தெமாரின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

“மன்னிச்சிருங்க மச்சான்.”

“உன் மன்னிப்ப உப்புல ஊறவெச்சுத் தின்னவா? நான் கேட்டே வளையாதவன் வேற எவன் கேட்டும் வளைய மாட்ட. எங்க பயிற்சியாளனை இப்பத்தான் அனுப்பிட்டு வர்றோம். இறக்கிவிட்டவன் நீ, நீயே ஏத்திவிடு.”

“இத்தன நாளா ஏன் மச்சான் கூப்பிடல?”

“கேட்டுத் தொலைக்க உனக்கு வாயில்லையா?”

எஸ்த்ரேயா மேலே ஏற இரண்டு வருடம் பிடித்தது.