கொடி பறந்த பக்கம்

தன் கல்லறைக் கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் போதும் என்று டெல்மர் சொல்லியிருந்தார். அந்த எண் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் போவதற்கு முந்தின வாரம்கூட என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஹாய்ட் வந்து கேப்பான், ஒத்துக்காத" என்றார்.

ஐம்பத்தேழு. நியூ மெக்சிகோவின் இந்தக் கிழக்குச் சமவெளியில் அந்த எண்ணைச் சொன்னால் என்னவென்று கேட்க ஆளில்லை. எங்கள் ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்த காலத்தில், கடைசிப் படியில் கிடந்த ஒரு சின்ன லீகில், என் கணவர் டெல்மர் ஸ்ட்ராவுட் ஒரே கோடையில் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்கள் அவை. அதற்கு அடுத்த ஆளுக்கும் அவருக்கும் இடையே பதினாறு வித்தியாசம். அணி கலைந்து, லீகே இல்லாமல் போன பிறகும், சாலைத் துறையின் மண் நிரவும் கிரேடர் வண்டியை ஓட்டிக்கொண்டு அவர் போனால் எதிரே வரும் லாரிக்காரர்கள் ஐந்து விரலையும் பிறகு ஏழு விரலையும் காட்டிவிட்டுப் போவார்கள். டெல்மர் கையைத் தூக்குவார். சிரிக்க மாட்டார்.

அவர் எதையும் கழித்துப் பார்க்கிற மனிதர். தோட்டத்தில் தர்ப்பூசணி நன்றாக விளைந்தால், பக்கத்து வயலுக்குப் போட்ட உரம் இங்கே இறங்கியிருக்கிறது என்பார். எங்கள் மகள் ஜோலீன், அப்பா போட்ட சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொன்னால், "அது புது டயரும்மா" என்பார். கீமோ கொடுத்துப் பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டபோது டாக்டர் சந்தோஷப்பட்டார். "ஸ்டீராய்டு" என்றார் டெல்மர். அதில் மட்டும் அவர் கணக்கு சரியாக இருந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முழுக்கத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மைதானம் சிறியது. பந்தை அடிப்பவருக்கு நேர் எதிரே, சென்டர் ஃபீல்டு வேலிக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, தானியக் கிடங்கின் கான்கிரீட் கோபுரங்கள் நின்றன. வேலிக்கும் கோபுரங்களுக்கும் நடுவில் கொடிக்கம்பம். இங்கே காற்று ஓய்வது அபூர்வம். ஆனால் கூரை போட்ட ஸ்டாண்டு இருந்ததால் கீழே அது எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்ல முடியாது, புழுதி நாலு பக்கமும் சுற்றும். மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கொடியைத்தான் பார்க்க வேண்டும்.

ஹோம் ரன் அடித்துவிட்டு முதல் பேஸைச் சுற்றும்போது டெல்மர் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்ப்பார். கூட்டம் அதைக் கொடிக்கு அவர் செலுத்தும் மரியாதை என்று நினைத்தது. போருக்குப் போய் வந்தவர் அல்லவா, அதனால் எழுந்து நின்று கை தட்டும். மூன்றாவது பேஸைத் தாண்டும்போது நான் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்புவார். அங்கே கூரை இல்லாத பெஞ்சில், மேல் வரிசையில் இருப்பேன். லேசாகத் தலையை ஆட்டுவார், இல்லை என்று. கொடி வெளிப்பக்கம் பறந்திருக்கிறது, பந்தைக் கொண்டுபோனது காற்று, தான் இல்லை என்று அர்த்தம். கொடி தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் தலையாட்டாமல் ஓடிவிடுவார். அந்தக் கோடையில் அப்படி ஓடியது பதினொரு முறை. அவர் கணக்கில் அவர் அடித்தது பதினொன்று.

நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். "மத்த அணிக்காரங்களும் அதே மைதானத்துலதானே அடிக்கிறாங்க? அதே காத்துதானே?"

"அவங்க வருஷத்துக்கு ஆறேழு ஆட்டம் இங்க ஆடுறாங்க நேவா. நான் அறுபது ஆடறேன்."

"வெளியூர்ல நீ அடிச்சது?"

"அங்கயும் காத்துதான். இந்த மாநிலத்துல காத்தில்லாத ஊர் எங்க இருக்கு?"

அந்த ஆகஸ்டில் பர்விஸ் என்று ஒருவர் வந்தார். பெரிய அணி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் ஆள் பார்ப்பவர். அன்று ஏழாவது இன்னிங்ஸில் டெல்மர் ரைட் ஃபீல்டு வேலிக்கு மேலே, அதற்கு அப்பால் இருந்த விளக்குக் கம்பத்துக்கும் மேலே ஒன்று அடித்தார். அப்படி ஒன்றை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. கூட்டம் எழுந்து நின்றது, நானும் எழுந்தேன். காற்று என் வைக்கோல் தொப்பியைப் பிய்த்துக்கொண்டு போய் எனக்குப் பின்னால் கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போட்டது. நான் தொப்பியைப் பார்க்கவில்லை, டெல்மரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொடியைப் பார்த்தார். மூன்றாவது பேஸில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆட்டம் முடிந்ததும் ஒரு டிரக்குக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டேன்.

பர்விஸ் எங்களைச் சாப்பிட அழைத்துப் போனார். முட்டை பொரியலும் பச்சை மிளகாய்க் குழம்பும் வந்தன. அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"தம்பி, இன்னைக்கு அடிச்சியே, அது எம்புட்டு தூரம் போச்சுன்னு தெரியுமா?"

"காத்து சார்" என்றார் டெல்மர். "கொடியப் பாக்கலையா?"

"பாத்தேன். அதைக் கழிச்சுத்தான் பேசறேன்."

"இன்னும் கொஞ்சம் கழிச்சுக்கோங்க."

பர்விஸ் என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. காத்து எதிர்ல அடிச்சுதுன்னு புளுகுற பசங்களத்தான் பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தரப் பாத்ததே இல்ல." பிறகு அவரிடம், "மார்ச்ல ஃப்ளோரிடாவுக்கு வா. பயிற்சி முகாம். டிக்கெட் நான் அனுப்பறேன்" என்றார்.

டிக்கெட் வந்தது. டெல்மர் போகவில்லை. "அங்க காத்து கிடையாது நேவா. பாதி மைதானத்துல எல்லாமே கேட்ச் ஆயிடும். அத்தனை பேர் முன்னால வெறும் பதினோரு ஹோம் ரன்காரனா நிக்கச் சொல்றியா?" என்றார். போய்ப் பார், சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்றேன். அழுதேன்கூட. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த வாரமே சாலைத் துறையில் சேர்ந்தார். இன்னும் இரண்டு கோடை இங்கேயே ஆடினார். பிறகு அணியே இல்லை.

இறுதிச் சடங்கு முடிந்து, சர்ச்சின் அடித்தளத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். பழைய அணியில் மிஞ்சியிருந்தவர்கள் ஒரே மேசையில் சேர்ந்துவிட்டார்கள். என்னையும் அங்கே இழுத்து உட்கார வைத்தார்கள். டயர் கடை வைத்திருக்கும் ஹாய்ட் பிக்கர்டு அந்த அணியின் பிட்சர், பந்து எறிந்தவர். இப்போது காதில் மெஷின், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவருக்கு எதிரே சேவோ லுசேரோ. மூன்று வருடம் எங்கள் அணிக்கு ரைட் ஃபீல்டில் நின்றவர், அல்புகர்க்கியிலிருந்து மகன் காரில் வந்திருந்தார்.

"டெல்மர் ஓடுறத நீங்க பாத்திருக்கீங்களா?" என்று ஹாய்ட் அடுத்த மேசைப் பையன்களைக் கேட்டார். "பசு தண்ணி குடிக்கப் போற மாதிரி இருக்கும்."

"அதான் வேலிக்கு வெளிய அடிச்சான்" என்றார் சேவோ. "உள்ள அடிச்சா ஓடணும்ல."

"ஐம்பத்தேழு அடிச்சும் அந்த வருஷம் நம்ம அணி ஆறாவது இடம்" என்று யாரோ சொன்னார்கள். "அப்புறம் அதனால என்ன பிரயோஜனம்?"

"டேய், அதுக்கு அவன் என்னடா பண்ணுவான்? அவன் ஒண்ணு அடிச்சா நான் எதிராளிக்கு மூணு குடுத்தேன். என்னைத் திட்டு." ஹாய்ட் கோழித் துண்டால் தன் நெஞ்சைச் சுட்டிக்காட்டினார். "அல்புகர்க்கி பேப்பர்ல அப்ப ஒருத்தன் எழுதினான், பந்து தானாப் பறக்கிற இந்த உயரத்துல, இந்தக் காத்துல, எங்க அத்தைகூட முப்பது அடிப்பாள்னு. அவன் அத்தைய நான் தேடிட்டே இருக்கேன், இன்னும் கிடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஹாய்ட் என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். அவருக்குத் தணித்த குரல் என்பது கதவு வரைக்கும் கேட்கும்.

"நேவா, கல்லுக்கு நாங்க எல்லாரும் சேர்ந்து ஏற்பாடு பண்றோம். பேருக்குக் கீழ அந்த நம்பர். அது மட்டும் போதும்."

"வேண்டாம்னு சொல்லிட்டார் ஹாய்ட்."

"அடக்கத்துல சொல்லியிருப்பான்."

"அடக்கமில்ல. அதை அவர் நம்பல."

அதற்கு மேல் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து கொடிக்கு அவர் வைத்த மரியாதையைப் பற்றியே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் மேல் கொடியைப் போர்த்தியிருந்தார்கள் வேறு. அதனால் சொன்னேன். அவர் வணக்கம் வைக்கவில்லை, காற்றைப் பார்த்தார் என்றேன். கொடி வெளிப்பக்கம் பறந்தால் அந்த ஹோம் ரனைத் தன் கணக்கில் சேர்க்கவே மாட்டார், கடைசிவரை பதினொன்று என்றுதான் சொன்னார் என்றேன்.

சேவோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கொடிய?"

"சென்டர்ல இருந்துச்சே, அதத்தான்."

"கிடங்குக்கு முன்னால இருந்ததா?"

"ஆமா."

"நேவா, அது உள்பக்கம் பறந்து நீங்க பாத்திருக்கீங்களா? ஒரு தடவையாவது?"

நான் யோசித்தேன். தொங்கிக்கொண்டிருந்து பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் பறந்து பார்த்திருக்கிறேன்.

"அது பறக்காது" என்றார் சேவோ. காப்பிக் கோப்பையை எடுத்து நடுவில் வைத்தார். "இது கிடங்கு. வடக்கேயிருந்து காத்து வருது, அதாவது நம்ம மூஞ்சிக்கு நேரா, உள்பக்கமா. கோபுரத்துல மோதி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வரும். கோபுரத்துக்கு இந்தப் பக்கம் நிழல் மாதிரி ஒரு இடம், அங்க மட்டும் காத்து திரும்பிக் கோபுரத்தைப் பாத்துச் சுழலும். கம்பம் நின்னது சரியா அங்கதான். தெக்குக் காத்து அடிச்சாலும் அது வெளியதான் பறக்கும், வடக்குக் காத்து அடிச்சாலும் வெளியதான் பறக்கும். வடக்குக் காத்துல நான் ரைட்ல நிப்பேன், என் பிடரியில மண்ணு வந்து அடிக்கும். திரும்பிப் பாத்தா அந்தக் கொடி எனக்கு முதுகக் காட்டிட்டு ஆடும். நாங்க அதுக்கு 'பொய்க்காரி'ன்னு பேர் வெச்சிருந்தோம்."

"வாய மூடுடா சேவோ" என்றார் ஹாய்ட்.

"அவுட்ஃபீல்டுல நின்ன எல்லாருக்கும் தெரியும்டா. அவன் நின்னது முதல் பேஸ்ல."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"யாரு கேட்டா? அவன் சல்யூட் அடிக்கிறான்னுல நெனச்சோம்!"

சேவோவின் மகன் வந்து அவர் தோளைத் தொட்டார். சேவோ என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எதிர்க்காத்துல அடிச்சது எத்தனையோ இருக்கும் நேவா. பாதி இருக்கும். எது எதுன்னு இப்ப யாரால சொல்ல முடியும்?"

யாராலும் முடியாது. கோபுரங்கள் இருக்கின்றன, மைதானத்தில் இப்போது டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார்கள். முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தின காற்றைத் திரும்ப அழைத்துக் கேட்க முடியாது. ஃப்ளோரிடாவில் அவர் தோற்றிருக்கலாம். போனவர்களில் பெரும்பாலோர் தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் தோற்பதற்கும் அவர் போகவில்லை.

சர்ச்சுக்கு வெளியே காற்று பலமாக இருந்தது. ஜோலீன் காரைக் கொண்டுவரப் போயிருந்தாள். என் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணி அவிழ்ந்து பறந்தது, பிடித்துவிட்டேன். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த வைக்கோல் தொப்பி ஞாபகத்துக்கு வந்தது. நான் மைதானத்தைப் பார்த்து நின்றிருந்தேன். தொப்பி எனக்குப் பின்னால் போனது. கார்கள் நின்ற இடத்துக்கு, டிரக்குக்கு அடியில். காற்று மைதானத்திலிருந்து என் பக்கம் அடித்திருக்கிறது. அந்த விளக்குக் கம்பத்துக்கு மேலே போன பந்து, பர்விஸ் பார்த்த பந்து, காற்றை எதிர்த்துப் போயிருக்கிறது.

ஹாய்ட் படியிறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அந்தக் கிழவன் பேச்ச மனசுல வெச்சுக்காதம்மா. கல்லுல ஒண்ணும் போட வேணாம். பேரு மட்டும் போட்டுடறோம்."

"ஐம்பத்தேழு போடுங்க ஹாய்ட்."

"டெல்மர் வேணாம்னானே?"

"டெல்மருக்குத் தெரியாது."

அவர் சரி என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கல்லில் எழுத்தை வெட்ட மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

ஐம்பத்தேழும் அவருடையவை என்று நான் சொல்லவில்லை. தெற்குக் காற்று கொண்டுபோனவை அதில் நிச்சயம் இருக்கும். அவர் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார். ஆனால் பன்னிரண்டாவது ஒன்று உண்டு, அதற்கு நான் சாட்சி. அன்று மூன்றாவது பேஸைத் தாண்டி அவர் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டியபோது, என் தலையில் தொப்பி இல்லை. அவர் கண்ணுக்கு அது பட்டிருக்க வேண்டும். கொடியைப் பார்த்துவிட்டு வந்ததால் கவனிக்கவில்லை.