முகத்துக்கு நேரே

ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையில், சத்திரசிகிச்சையின்போது இரத்த அழுத்தத்தை அளக்கும் ஆய்வொன்றில் தாதியாக இருந்தேன். மேற்கையில் சுற்றும் பட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாய் வைத்தால் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் பார்க்கலாம். எது நல்லது என்பதே ஆய்வு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் சொல்லும். அதற்கு முதல் சம்மதம் வாங்குவதும், சத்திரசிகிச்சை அன்று காலை மறுபடி கேட்பதும் என் வேலை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டிருந்தது. பட்டியலில் தமிழ்ப் பெயரைக் கண்டால் ஓர் ஆறுதல். நம்மவர்கள் மறுப்பதில்லை.

நகரின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வந்த அக்காவும் மறுக்கவில்லை. பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை செய்பவர். மறுநாள் அவருக்குக் குடலில் சத்திரசிகிச்சை. நாலு பக்கத் தாளையும் தமிழில் விளக்கினேன். அவர் என் ஊரை விசாரித்தார்.

"விருப்பமில்லையெண்டால் விடலாம் அக்கா."

"ஓம் ஓம். நீங்கள் சொன்னால் சரிதானே, தங்கச்சி."

கையெழுத்து வைத்துவிட்டு இடது மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். நான் கண்டேன். கண்டும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் லில்லெஸ்ட்ரோம் ரயிலை விட்டால் அடுத்ததற்குக் கால் கடுக்க நிற்கவேண்டும்.

மறுநாள் காலை நான் பிந்திப்போனேன். அக்காவின் கட்டிலைச் சுற்றிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், என் வேலையை நோர்வேஜிய மருத்துவர் செய்துகொண்டிருந்தார். ஆய்வில் சேர இன்னும் சம்மதமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றார் அக்கா, நோர்வேஜிய மொழியில், பளிச்சென்று. ஏற்கெனவே இடது கை விறைக்கிறது, கையால் உழைத்துச் சாப்பிடுகிறவள் நான் என்றார். மருத்துவர் சரி என்று பெயரை நீக்கிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போனேன்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா. வாயிலை கொழுக்கட்டையே?"

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "உங்கடை முகத்துக்கு நேரை எப்பிடித் தங்கச்சி மாட்டன் எண்டுறது? அவர் ஆரோ தானே."

என் அறைக்குத் திரும்பி அலுமாரியைத் திறந்தேன். எனக்கு ஓம் சொன்ன மற்றத் தமிழர்களின் தாள்கள் அதில் இருந்தன. அவர்கள் எல்லோரிடமும் காலையில் மறுபடி கேட்டதும் நான்தான்.